நைட்ரெயின்: மூன்று பேர், நாற்பது நிமிடம்

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை 100 மணி நேரம் ஆடி முடித்தவர்கள்கூட, அதன் வழியில் வந்த நைட்ரெயினில் முதல் பாஸிடமே, அதாவது முதல் பெரிய எதிரியிடமே, திரும்பத் திரும்பத் தோற்கிறார்கள். பழைய ஆட்டத்தின் பழக்கம்தான் காலை வாருகிறது. எல்டன் ரிங்கில் ஒவ்வொரு குகையாக நுழைந்து பார்க்கலாம், முடியாத பாஸை விட்டுவிட்டு நாலு நாள் கழித்து வரலாம், ஆயுதத்தைப் பையில் சேர்த்து வைக்கலாம். நைட்ரெயினில் அதற்கெல்லாம் நேரம் கிடையாது. நாகர்கோவிலில் பஸ் ஏறி மார்த்தாண்டம் போகிறவன், வழியில் இறங்கி குளச்சல் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கேயும் நடக்கிறது.

முதலில் அடிப்படை. எல்டன் ரிங் வந்தது 2022 பிப்ரவரியில். அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2025 மே 30 அன்று நைட்ரெயினை வெளியிட்டது. இதன் இயக்குநர் ஜுன்யா இஷிசாகி. மூன்று பேர் சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்த ஆட்டம் இது. தனியாகவும் ஆடலாம். இரண்டு பேர் ஆடும் வசதி 2025 ஜூலை 30 அப்டேட்டில் வந்தது. ஆனாலும் மூன்று பேருக்குத்தான் இதன் அளவுகள் எல்லாம் சரியாகப் பொருந்துகின்றன. லிம்வெல்ட் என்ற நிலத்தில் இரண்டு பகல் ஓடி லெவலும் ஆயுதமும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பகலின் முடிவிலும் ஒரு பாஸ் வரும். மூன்றாம் நாள் நேராகக் கடைசிப் பெரிய பாஸான இரவுத் தலைவன். முழு ஓட்டமும் 40 முதல் 45 நிமிடம். தோற்றால் லெவலும் ஆயுதமும் போய்விடும், அடுத்த ஓட்டம் லெவல் 1-இல் தொடங்கும். முக்கியமாக மிஞ்சுவது, அடுத்த ஓட்டத்தில் கூடுதல் பலன் தரும் ரெலிக் கற்கள்.

வாங்கும் முன் மூன்று பேரும் ஒரு விஷயத்தைப் பேசிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பவரும் பிளேஸ்டேஷனில் இருப்பவரும் சேர்ந்து ஆட முடியாது. பிஎஸ்4-உம் பிஎஸ்5-உம் சேரலாம், எக்ஸ்பாக்ஸின் இரண்டு தலைமுறையும் சேரலாம், அதற்கு மேல் இல்லை. பிளேஸ்டேஷனில் பிஎஸ் பிளஸ் சந்தாவும் வேண்டும். கம்ப்யூட்டருக்குக் குறைந்தபட்சம் ஐ5-10600 அல்லது ரைசன் 5 5500, 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 அல்லது ஆர்எக்ஸ் 580, டிஸ்கில் 30 ஜிபி இடம். ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேமைத் தாண்டாது. ஆகவே இந்த ஆட்டத்துக்காகப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது வீண் செலவு. பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி போட்டால் அந்தக் காசுக்குப் பலன் கண்முன் தெரியும்.

நண்பர்களைச் சேர்க்க ஸ்டீமில் அழைப்பு அனுப்பிப் பயனில்லை. ஆட்டம் தொடங்கும் ரவுண்ட்டேபிள் மண்டபத்தின் மேசையில், ஆள் சேர்க்கும் மேட்ச்மேக்கிங் அமைப்புக்குள் போய் மூன்று பேரும் ஒரே பாஸ்வேர்டைப் போட வேண்டும், ஒரே இரவுத் தலைவனைத் தேர்வு செய்ய வேண்டும், பிறகுதான் தேடலைத் தொடங்க வேண்டும். "கிடைக்கவே மாட்டேங்குது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டில் ஒரு எழுத்தைத் தவறவிட்டவர்கள். மீதிப் பேரில் ஒருவர் அப்டேட் போடாதவராக இருப்பார். ஆட்டத்துக்குள் பேசும் வசதி இல்லை, மேப்பில் குறி வைக்கத்தான் முடியும். அதனால் டிஸ்கார்டில் ஒரு குரல் அறையை முன்பே திறந்து வையுங்கள்.

ஒரு பகல் எப்படிக் கரைகிறது

ஒரு பகல் என்பது சுமார் 14 நிமிடம். முதல் நாலரை நிமிடம் மேப் முழுவதும் உங்களுடையது. பிறகு இரவு மழை வெளியிலிருந்து சூழ, பாதுகாப்பான வட்டம் சுருங்கத் தொடங்கும், அது மூன்று நிமிடம். அடுத்து மூன்றரை நிமிடம் அமைதி. மறுபடி மூன்று நிமிடம் சுருங்கி, பாஸ் நிற்கும் சின்ன வட்டத்தில் முடியும். குளச்சலிலோ ராஜாக்கமங்கலத்திலோ கரையிலிருந்து கரமடி வலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். இரண்டு பக்கமும் கயிறு ஏற ஏற மடி குறுகும், உள்ளே இருப்பதெல்லாம் நடுவை நோக்கித்தான் ஓட வேண்டும். மழைக்குள் மாட்டினால் உயிர் விறுவிறுவென்று இறங்கும். உள்ளே ஒரு பெட்டி மிச்சமிருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்தான் முதலில் விழுவார்.

அந்த நாலரை நிமிடம்தான் முழு ஓட்டத்திலும் விலை உயர்ந்த நேரம். இறங்கியதும் மேப்பைத் திறந்து ஒருவர் மூன்று குறி வைக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு குறி வைத்தால் மூன்று பேரும் மூன்று திசையில் நிற்பார்கள். அதில் அரை நிமிடம் போகும், அரை நிமிடத்தில் ஒரு சின்ன முகாமே முடிந்திருக்கும். உயரத்திலிருந்து குதித்தால் அடிபடாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்டன் ரிங் பழக்கத்தில் மலை விளிம்பில் நின்று வழி தேடுகிறவர்களை இன்னும் பார்க்க முடிகிறது. குதித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது.

முதல் வேலை, இறங்கிய இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் சிறு கூட்டத்தை அடித்து லெவல் 2 ஆவது. எதிரியை அடித்தால் கிடைக்கும் ரூன் கையில் இருந்தால் மட்டும் போதாது, கிரேஸ் என்ற ஒளிப்புள்ளி ஒன்றைத் தொட்டுத்தான் லெவல் ஏற முடியும். எந்தப் பண்பை ஏற்றுவது என்ற கேள்வி இங்கே இல்லை, எல்லாம் தானாக ஏறும். ஒரு பட்டன் அழுத்திவிட்டு நடையைக் கட்டலாம்.

இரண்டாவது வேலை தேவாலயம். மரிகா தேவாலயம் ஒவ்வொன்றும் உங்கள் மருந்துக் குடுவையில் ஒரு மிடறு கூட்டும். இங்கேதான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். ஒருவர் தொட்டால் எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று மற்ற இருவரும் வெளியே நின்று சண்டை போடுவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக உள்ளே போய்த் தொட வேண்டும். முதல் நாளில் இரண்டு, இரண்டாம் நாளில் இன்னும் ஒன்றிரண்டு தேவாலயம் என்பது நல்ல கணக்கு. கடைசிப் பாஸிடம் நாலு மிடறோடு போவதற்கும் ஏழு மிடறோடு போவதற்கும் உள்ள தூரம், எந்தக் கத்தியாலும் ஈடு செய்ய முடியாத தூரம்.

மூன்றாவது, குறி வைத்த பெரிய இடம் ஒன்று. முகாம், கோட்டை, பெரிய தேவாலயம், சிதைந்த கட்டடங்கள் இவற்றின் குறிக்குப் பக்கத்தில் நெருப்பு, மின்னல், விஷம் என்று சின்ன அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் கிடைக்கும் ஆயுதம் பெரும்பாலும் அந்தப் பண்பில் இருக்கும். எந்த இரவுத் தலைவனுக்குப் போகிறீர்களோ, அவனுடைய பலவீனத்தை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கையில் கிடைத்த இடத்துக்கெல்லாம் போவது ஓட்டமாக இருக்கும், திட்டமாக இருக்காது.

முதல் நாள் முடிவில் லெவல் 6 முதல் 8, இரண்டாம் நாள் முடிவில் 12-க்கு மேல். இந்த அளவு வந்தால் மூச்சு விடலாம். உச்ச லெவல் 15, அதை எட்டியே தீர வேண்டும் என்றில்லை. நடுவில் இருக்கும் பெரிய கோட்டை மாளிகையை முதல் நாளே தொடாதீர்கள். உள்ளே ஆள் அதிகம், லெவல் 3-இல் போனால் பத்து நிமிடம் அங்கேயே கரைந்துவிடும். இரண்டாம் நாள் லெவல் 7-க்கு மேல் ஆனதும் அதே மாளிகை அள்ளிக் கொடுக்கும். பாஸை அடைத்து வைத்திருக்கும் எவர்கோல் சிறைகளும் அப்படித்தான். அவற்றைத் திறக்கக் கல்வாள் சாவி வேண்டும். வியாபாரியிடம் கிடைக்கும், சில ரெலிக் கற்கள் ஆட்டத் தொடக்கத்திலேயே ஒன்றைக் கையில் தரும்.

ஆறு ஆயுத இடம்

பலர் நேரத்தை இழப்பது ஆயுதத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதில். ஆட்டம் நிற்காது, நீங்கள் எண்களைப் படித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவன் ஈட்டியோடு வருவான். நிறத்தை மட்டும் பாருங்கள். சாதாரண ஆயுதத்துக்கு லெவல் தேவையில்லை, நீலத்துக்கு 3, ஊதாவுக்கு 7, தங்கத்துக்கு 10. லெவல் போதவில்லை என்றாலும் ஊதாவை விடாதீர்கள், எடுத்து வைத்தால் பிறகு உதவும்.

இதில் இன்னொரு முக்கியமான கணக்கு இருக்கிறது. இரண்டு கையிலும் சேர்த்து மொத்தம் ஆறு ஆயுதம் வைக்கலாம். ஒவ்வொரு ஆயுதத்திலும் எழுதியிருக்கும் துணைப் பலன் அதைக் கையில் பிடிக்காமல் வைத்திருந்தாலே வேலை செய்யும். பிடித்து அடிப்பது ஒரே வாளாக இருக்கலாம். மீதி ஐந்து இடத்திலும் தீ எதிர்ப்பு, தொடர் அடிக்கு உயிர் மீள்வது, உயிர் கூடுவது போன்ற பலன் உள்ளவற்றை நிரப்புங்கள். மந்திரக்கோலைப் பயன்படுத்தவே தெரியாத ரைடர் என்ற பாத்திரத்தின் முதுகில் ஒரு மந்திரக்கோல் இருப்பதில் தவறே இல்லை. இரண்டாம் நாள் இறுதியில் ஒருவருடைய ஆறு இடமும் நிறைந்திருக்கவில்லை என்றால் அவர் நிறையப் பொருளைத் தாண்டிப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

உங்களுக்குப் பொருந்தாத நல்ல ஆயுதம் வந்தால் குறி வைத்துக் காட்டுங்கள், அல்லது எடுத்துக் கீழே போடுங்கள், நண்பர் எடுத்துக்கொள்ளலாம். வில்லாளிக்கு ஊதா வில் வந்ததும் மற்றவர்கள் தாண்டிப் போவதுபோல் மனதை நோகடிப்பது வேறில்லை. தொடக்க ஆயுதமே போதும் என்று நினைப்பவர்கள் சுரங்கத்துக்குள் போய் அங்குள்ள உலைக்கல்லை எடுத்து வந்து, பட்டறையில் அதையே ஊதாவுக்கு ஏற்றலாம். வைல்டர், அயர்ன்ஐ என்ற பாத்திரங்களுக்கு இது நம்பகமான வழி.

வியாபாரியைப் பார்த்தால் இரண்டு பொருளுக்குக் கணக்குப் பாராமல் ரூன் கொடுக்கலாம். ஒன்று வார்மிங் ஸ்டோன். தரையில் வைத்தால் சுற்றி நிற்கும் எல்லாருக்கும் உயிர் ஏறும். இன்னொன்று வெண்டிங் கிரேஸ். கையில் இருந்தால் செத்தாலும் லெவல் குறையாமல் எழலாம்.

விழுந்தவரை எழுப்புவது

இந்த ஆட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்ற ஆட்டங்களில் விழுந்த நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்திப் பிடிப்பீர்கள். இங்கே அவரை அடித்துத்தான் எழுப்ப வேண்டும். வாளாலும் அடிக்கலாம், அம்பாலும் மந்திரத்தாலும் அடிக்கலாம். விழுந்தவர் தலைக்கு மேல் ஊதா நிற வட்டம் தெரியும். முதல்முறை விழுந்தால் அதில் ஒரு கோடு, இரண்டாம் முறை இரண்டு, மூன்றாம் முறை மூன்று. அந்தக் கோடு முழுவதையும் அடித்துக் கரைத்தால் எழுவார். பாதி அடித்துவிட்டு பாஸைப் பார்க்கத் திரும்பினால் கோடு மெல்ல மீண்டும் நிரம்பும், அதுவரை அடித்தது வீண். எனவே தொடங்கினால் முடிக்க வேண்டும், முடிக்க முடியாதென்றால் தொடங்கக் கூடாது.

இதற்குப் பேச்சு தேவை. "நான் விழுந்துட்டேன்" என்பது யாருக்கும் உதவாது, அது திரையிலேயே தெரிகிறது. எத்தனை கோடு, எங்கே, பாஸ் யாரைப் பார்க்கிறது, இந்த மூன்றும்தான் தேவை. சரியான பேச்சு இப்படி இருக்கும்:

"மக்கா, ரெண்டு கோடு, தூண் பக்கம். பாஸ் உன்னைத்தான் பாக்கு."

"நான் இழுத்துட்டு அந்தப் பக்கம் போறேன். லே, நீ எழுப்பு."

"ஒரு கோடு போச்சு... எந்திச்சாச்சு, முதல்ல மருந்து குடி."

இதில் நடுவில் இருப்பவரின் வேலைதான் கடினம். பாஸ் தன்னைப் பார்க்கும்போது அவர் அடிக்கப் போகக் கூடாது. விழுந்தவரிடமிருந்து விலகி, அடியிலிருந்து உருண்டு தப்பும் ரோல் மட்டும் செய்துகொண்டு, பாஸின் முகத்தை வேறு திசைக்குத் திருப்ப வேண்டும். எழுப்பப் போகிறவரும் பாஸின் பின்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுப்ப ஓடி வந்து, ஒரே அடியில் மூன்று பேரும் தரையில் கிடப்பதுதான் ஆட்டம் முடியும் வழக்கமான விதம். விழுந்தவரும் சும்மா கிடக்க வேண்டாம். தவழ முடியும், பாஸின் காலடியிலிருந்து நண்பர் பக்கம் தவழ்ந்து வாருங்கள். எழுந்ததும் கோபத்தில் வாளை வீசாமல் இரண்டு ரோல் போட்டு விலகி மருந்து குடியுங்கள். அரை உயிரோடு நின்று அடித்து உடனே மறுபடி விழுந்தால் அடுத்த கோடு கூடும்.

மூன்று கோடு நிலையில் ஒருவர் வெறும் வாளால் எழுப்புவது பெரும்பாலும் நடக்காது. அங்கேதான் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உள்ள பெரிய தனித்திறனான அல்டிமேட் கை கொடுக்கும். அயர்ன்ஐ தன் அல்டிமேட் அம்பைத் தூரத்திலிருந்தே விழுந்தவர் மேல் விடலாம். கார்டியன் மேலே பறந்து விழும் இடத்தில் கிடப்பவர்கள் எழுவார்கள். ரெவனன்ட்டின் அல்டிமேட் பக்கத்தில் விழுந்தவர்களை எழுப்பி, கொஞ்ச நேரம் சாகாமலும் வைக்கும். டச்சஸ் தன் அல்டிமேட்டால் எல்லாரையும் மறைத்துவிடலாம், பாஸ் யாரைத் தேடுவதென்று தெரியாமல் நிற்கும், அந்த நேரத்தில் நிதானமாக எழுப்பலாம். இந்த நாலு பேரில் ஒருவராவது குழுவில் இருப்பது நல்லது. அல்டிமேட்டை அடிப்பதற்காகவே செலவழித்துவிட்டுப் பிறகு கையைப் பிசைவதைவிட, ஒருவருடையதை எப்போதும் மிச்சம் வைத்திருக்கலாம்.

வெளியே, பாஸ் அரங்குக்கு அப்பால் விழுந்து யாரும் எழுப்பாவிட்டால் ஒரு லெவல் குறைந்து மறுபடி எழுவீர்கள். கையில் இருந்த ரூன் விழுந்த இடத்தில் கிடக்கும், எடுத்துக்கொள்ளலாம். போன லெவல் போனதுதான். இரவு அரங்கில் மூன்று பேரும் விழுந்தால் ஆட்டமே முடிந்தது.

மூன்று தலை ஓநாய்

தொடக்கத்தில் திறந்திருப்பது கிளாடியஸ் மட்டும். மூன்று தலை ஓநாய், வாயில் சங்கிலி கட்டிய பெரிய வாள். இவனை வீழ்த்தினால்தான் மற்றவர்கள் திறப்பார்கள். பலவீனம் புனிதப் பண்பு. தொடக்க ஆயுதத்துக்குப் புனிதப் பண்பு தரும் ரெலிக் கல் ஒன்று உங்களுக்கு விழுந்திருந்தால், அதைப் போட்டுக்கொண்டு போனாலே பாதி வேலை முடிந்தது. கல்லின் நிறமும் அதை வைக்கும் கலத்தின் நிறமும் ஒத்துப்போக வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓநாய் வாளைச் சுழற்றும்போது பின்னால் ஓடுவது இயல்பாக வரும், அதுதான் ஆபத்து. சங்கிலி நீளமானது, வாளின் நுனி உங்களைத் தேடி வரும். ரோல் போட்டு உள்ளே போங்கள், பின்னங்கால் பக்கம் நின்றால் வாள் தலைக்கு அப்பால் போகும். இரண்டு அடி, பிறகு விலகல். மூன்றாவது அடிக்கு ஆசைப்படும் இடத்தில்தான் எல்லாரும் அடிபடுகிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் அது மூன்று ஓநாயாகப் பிரியும். இங்கே குழுக்கள் கலைகின்றன. மூன்றும் ஒரே ஆளைத் துரத்துவதுண்டு. அந்த ஆள் அடிக்கவே கூடாது, பெரிய வட்டமாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற இருவரும் ஓடும் ஓநாய்களில் ஒன்றைத் தேர்ந்து பின்னாலிருந்து அடிக்கட்டும். எந்த ஓநாயை அடித்தாலும் குறைவது ஒரே உயிர்க்கோடுதான், அதனால் எது என்று தேட வேண்டாம். மூன்று பேரும் ஒரே இடத்தில் கூடி நின்றால் மூன்று ஓநாயும் அங்கேயே வந்து குவியும், கேமரா திணறும், எதுவும் தெரியாது. ஒருவருக்கொருவர் இருபது அடி இடைவெளி எப்போதும் இருக்கட்டும். பின்பாதியில் தீ அதிகமாகும், அப்போது தீ எதிர்ப்புள்ள அந்த ஐந்து முதுகு ஆயுதங்களின் அருமை தெரியும்.

சண்டைக்கு முன் கடைசி வாசலில் ஒரு கிரேஸும் ஒரு வியாபாரியும் உண்டு. கையில் மிச்சமிருக்கும் ரூன் முழுவதையும் அங்கே செலவழியுங்கள், முதலில் லெவல், பிறகு வார்மிங் ஸ்டோன். அதற்குப் பிறகு ரூனுக்கு மதிப்பில்லை. அவசரத்தில் 20,000 ரூனைச் சுமந்துகொண்டு வாசலைத் தாண்டுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மற்ற இரவுத் தலைவர்களின் பலவீனத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளையே விழுங்கும் அடெலுக்கு விஷம். அந்துப்பூச்சியும் தேளுமாக வரும் நாஸ்டருக்கு நெருப்பு, பனி நாகம் கலிகோவுக்கும் நெருப்பு. மிதந்துகொண்டு தூக்கம் தரும் மாரிஸுக்கு மின்னல், குதிரை உடல் வீரன் ஃபுல்கோருக்கும் மின்னல். ஆட்டுத்தலை லிப்ராவுக்குப் பித்து, அது ஏறினால் அவன் நிலைகுலைவான். நாலு தலைவர்களை முடித்தபின் திறக்கும் ஹியோல்ஸ்டருக்கு, கிளாடியஸைப் போலவே, புனிதம். மாரிஸுக்குப் போகும்போது குழுவில் தூரத்திலிருந்து அடிக்கும் ஆள் ஒருவராவது இல்லையென்றால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

சில நேரம் மேப்பின் ஒரு பகுதி மாறியிருக்கும். அடிப்படை ஆட்டத்தில் பனிமலை, எரிமலைக் குழி, அழுகிய காடு, நொக்லாட்டியோ நகரம் என்று நாலு வகை. எரிமலைக் குழியின் அடியில் ஒரு ஆயுதத்தைத் தங்க நிலைக்கு ஏற்றலாம், நொக்லாட்டியோ ஒருமுறை செத்து எழும் வரம் தரும். புதிய குழு இவற்றைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. வழி தெரியாமல் நுழைந்தால் ஒரு பகல் முழுவதும் அதிலேயே போய்விடும்.

யார் யாரை எடுப்பது? புதிய குழுவுக்கு வைல்டர், அயர்ன்ஐ, கார்டியன். வைல்டர் ஒருமுறை சாவைத் தாங்குவார். அயர்ன்ஐ தூரத்தில் நிற்பதால் கடைசியாக விழுபவரும் முதலில் எழுப்புபவரும் அவர்தான், அவர் பாஸ் மேல் வைக்கும் குறியில் எல்லார் அடியும் கூடுதலாக விழும். கார்டியன் கேடயத்தோடு முன்னால் நிற்பார். கை பழகியபின் கார்டியனுக்குப் பதில் டச்சஸ் வந்தால் அடி வேகம் கூடும். ஏனெனில் கடைசிச் சில நொடியில் விழுந்த அடியை அவர் திருப்பி ஒருமுறை விழவைப்பார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அடிக்கும்போது அதைச் செய்தால் பாஸின் கோடு இறங்குவது கண்ணுக்குத் தெரியும்.

மின்சாரமும் கேபிளும்

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி, ஆடிக் காற்றில் தென்னை ஓலை ஒன்று விழுந்தால் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கேபிளும் போகும், மின்சாரமும் போகும். நாற்பது நிமிட ஆட்டத்தில் முப்பத்தெட்டாவது நிமிடம் ஒருவர் காணாமல் போனால் மற்ற இருவரின் உழைப்பும் போச்சு. இதற்கு முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில.

வீட்டு இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கும், யுபிஎஸ் என்றும் நார்மல் அல்லது ஈகோ என்றும் இரண்டு நிலை. கம்ப்யூட்டர் ஓடும்போது யுபிஎஸ் நிலையில் வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி, வெளி மின்சாரம் இல்லாமல் தாங்குவது 16 மில்லிசெகண்ட் அளவுதான். நார்மல் நிலையில் இன்வெர்ட்டர் மாற அதைவிட அதிக நேரம் எடுக்கும், மின்விசிறிக்கு அது தெரியாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஆனால் வோல்டேஜ் அடிக்கடி இறங்கும் ஊரில் யுபிஎஸ் நிலை வேண்டாத நேரத்திலும் பேட்டரிக்குத் தாவும். அங்கே ஆட்டம் முடிந்ததும் ஸ்விட்சைத் திருப்பி வைத்துவிடலாம். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியின் கணக்கு 1,800 வாட் அவர். கம்ப்யூட்டரும் மானிட்டரும் 350 வாட் இழுத்தால், இழப்பெல்லாம் போக, நல்ல பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும். நாலு வருஷம் பழைய பேட்டரியை அப்படி நம்ப வேண்டாம்.

இன்வெர்ட்டர் இருந்தும் இணைப்பு அறுவதற்கு வேறொரு காரணம் உண்டு. ஃபைபர் மோடம் இருக்கும் பிளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லாமல் இருக்கும். கம்ப்யூட்டர் நிற்கும், மோடம் அணையும். மோடத்துக்கென்று ஒரு சின்ன டிசி யுபிஎஸ் வாங்கினால் தீரும். வாங்கும் முன் மோடம் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் படியுங்கள், பல மோடங்கள் 12 வோல்ட்தான் என்றாலும் எல்லாம் அல்ல. வைஃபை வேண்டாம், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் கேபிள் இழுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் ஆடவே ஆடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட் அவசரத்துக்கு உதவும், ஆட்டம் டேட்டாவை அதிகம் தின்னாது. ஆனால் மொபைல் நிறுவனங்கள் பல பேரை ஒரே முகவரிக்குள் வைப்பதால் வீரர்கள் நேரடியாக இணையும் இந்த ஆட்டத்தில் சில நேரம் நண்பரோடு சேரவே முடியாமல் போகும். சேர்ந்தபின் இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம். ஆட்டத்தை மூடி மறுபடி திறந்தால், ஓட்டம் இன்னும் நடந்துகொண்டிருந்தால், அதே குழுவுக்குத் திரும்பலாமா என்று கேட்கும். வேறு எதையும் தொடாமல் ஆம் என்று கொடுங்கள். அதுவரை மற்ற இருவரும் புதிதாக எந்தப் பாஸையும் தொடாமல், வட்டத்துக்குள் கிரேஸ் பக்கமாக நின்றால் போதும்.